ரகரம் வராத வீடு

ஆஸ்பத்திரியில் கண் விழித்த தமிழ்ச்செல்வன் முதலில் சொன்ன சொல் "பயம்."

வஸுமதி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஒரு பயமும் வேண்டாம். நான் இங்கேதான் இருக்கேன். ரெண்டே நாள்ல வார்டுக்கு மாத்திட்டா பாருங்கோ, இனிமே சரியாயிடும்."

அவர் அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்தார். "பயம்" என்றார் மறுபடியும். பக்கவாதத்தில் வலப்பக்க உதடு இழுத்துக்கொண்டிருந்ததால் சொல் வாயின் ஓரமாக வழிந்து வந்தது. அவள் அவர் நெற்றியைத் தடவினாள். அப்பா கற்றுக்கொடுத்த சுலோகங்களைக் காதருகில் முணுமுணுத்தாள். ஜன்னலுக்கு வெளியே திருமலை மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. அந்தப் பிற்பகல் முழுக்க அவர் பயம் பயம் என்றார், அவள் பயமில்லை பயமில்லை என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்த பெண்மணிக்குப் பொறுக்கவில்லை. "எம்மா, அவரு பயம் கேக்கறாரும்மா. இதோ, இந்தப் பயம். எங்களவிட உங்களுக்குத் தெரிய வேணாமா?"

நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, பாதிப் பழத்தை மசித்துக் கரண்டியில் கொடுத்தாள். அவர் கண்ணை மூடி விழுங்கினார். வஸுமதி காலிக் கரண்டியை வாங்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வருஷமாகக் கூடவே வாழ்ந்தவருக்கு வேறொருத்தி மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

அதிலும் தமிழ்ச்செல்வன் யார்? சித்தூரில் அந்தக் குரலைக் கேட்காத காதே கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் சின்ன ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். புடவைக் கடைத் தள்ளுபடி, புதுப்படம், அம்மன் கோவில் ஜாத்திரை, மாங்கூழ் தொழிற்சாலைக்கு ஆள் தேவை எல்லாம் அவர் குரலில் ஆட்டோக்களின் கூம்பு ஒலிபெருக்கியில் ஊரைச் சுற்றும். தெலுங்கில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. தமிழ் வரும்போது கடைக்காரர்கள் வேலையை நிறுத்திக் கேட்பார்கள். நாக்கை மேலண்ணத்துக்கு மடித்து அவர் 'ழ' சொல்வது அவ்வளவு அழகு.

வஸுமதி மயங்கியதும் அந்தக் குரலில்தான். திருப்பதியில் கோவில் கைங்கரியக் குடும்பம் அவளுடையது. பிரம்மோற்சவ சமயத்தில் தெருவில் கேட்ட தமிழ் அறிவிப்புக் குரலைத் தேடிப் போனாள். மெலிந்த, கறுத்த ஓர் இளைஞன் மைக் முன்னால் நின்றிருந்தான். நகரிக்கு அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பம் என்று பிறகுதான் தெரிந்தது. அப்பா கோபித்துக்கொண்டார், இரண்டு வருஷம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, பிறகு பேத்தியைப் பார்க்க வந்தார். மாப்பிள்ளை பேசுவதைக் கேட்டுவிட்டு, "இவன் உச்சரிப்புக்கு நம்மாத்துப் பிள்ளைகள் கிட்ட நிக்க முடியாதுடி" என்று மகளிடம் சொன்னார்.

வீட்டிலும் அவர் அப்படித்தான் பேசுவார். அச்சடித்த மாதிரி. கல்யாணமான புதிதில் ஒரு தடவை வஸுமதி, "உங்க ஊர்ப் பேச்சு பேசிக் காட்டுங்கோளேன்" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அப்புறம் அவள் கேட்டதில்லை.

இப்போது அந்தக் குரல் போய்விட்டது. வந்திருப்பது வேறு யாருடையதோ.

சித்தூருக்குத் திரும்பியதும் வெளியூரில் வேலையிலிருந்த மகள் லீவு முடிந்து போய்விட்டாள். இருவரும் வாரம் ஒரு தடவை கார் வைத்துத் திருப்பதிக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். பயிற்சி கொடுக்கும் நீரஜா தெலுங்குப் பெண். வேலூரில் படித்தபோது தமிழ் கற்றுக்கொண்டவள். பட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள்.

"சார், இது என்ன?"

"வாயப்பயம்."

"இது?"

"கோயி."

"இது சார்?"

மரத்தின் படம். தமிழ்ச்செல்வன் அதை வெகுநேரம் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில், "மலம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பயிற்சி முடிந்ததும் நீரஜா வஸுமதியைத் தனியே அழைத்தாள். "மேடம், ரெண்டு விஷயம் கவனிச்சேன். 'ழ' வர வேண்டிய இடத்துல 'ய' வருது. 'ர' வர வேண்டிய இடத்துல 'ல' வருது. தெலுங்கா இருந்தா எது நாக்கோட கோளாறு, எது ஊர்ப் பேச்சுன்னு எனக்கே புரிஞ்சிடும். தமிழ்ல எனக்கு அந்த அளவுக்குக் காது இல்ல. சார் முன்னாடி இப்படிப் பேசுவாரா?"

"ஒரு நாளும் பேசினதில்லை."

"அவர் ஊர்ல?"

வஸுமதி யோசித்தாள். அந்த ஊருக்குக் கல்யாணம், சாவு என்று பத்துப் பதினைந்து தடவை போயிருக்கிறாள். ஆனால் அவளைக் கண்டதும் எல்லோரும், "வாங்க, உக்காருங்க, மோர் சாப்புடுங்க" என்று அளந்து அளந்து பேசுவார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசுவதை அவள் கேட்டதே இல்லை.

"தெரியலையே" என்றாள்.

"அது ஊர்ப் பேச்சுன்னா நான் திருத்தக்கூடாது. அது அவரோடது. நோயால வந்ததுன்னா கண்டிப்பா திருத்தணும். நீங்க அங்க போய் யாராவது பேசறதை ஃபோன்ல பதிவு பண்ணிட்டு வர முடியுமா?"

அது மாம்பழக் காலம். தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் சித்தூர் ரோட்டில் வரிசை கட்டி நின்றன. கூழ் தொழிற்சாலைகளிலிருந்து கிளம்பிய தித்திப்பு வாசனை வீட்டுக்குள் வந்து, துணி, தலையணை, தண்ணீர்ச் சொம்பு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. அந்த வாசனையில் பகல் எது தூக்கம் எது என்று பிரிக்க முடியாமல் வீடு மிதந்துகொண்டிருந்தது. தமிழ்ச்செல்வன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அரைக்கண்ணால் தெருவைப் பார்ப்பார். திடீரென்று, "ஏலி லொம்பிகிச்சா?" என்று கேட்பார். எந்த ஏரி நிரம்பியதா என்று கேட்கிறார், அவளுக்குத் தெரியாது. "கயனில யாலு?" என்பார். தெருவில் கழனியும் இல்லை, யாரும் இல்லை. கேட்டுவிட்டுப் புன்னகைப்பார். அவருடைய கூடத்தை இப்போது பார்த்துக்கொள்ளும் ரமணா வந்தால் மட்டும் ஒரு வார்த்தையும் பேசமாட்டார்.

ஒரு நாள் புடவைக் கடை ஆட்டோ தெருவுக்குள் வந்தது. ரமணா பழைய பதிவையே தேதி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். "வாழ்வில் ஒளியேற்றும் வண்ண வண்ணப் பட்டு, தாய்மார்களே, வாழ்த்தி வரவேற்கிறோம்" என்று தமிழ்ச்செல்வனின் பழைய குரல் கம்பீரமாக முழங்கிக்கொண்டு ஜன்னலைக் கடந்தது. வஸுமதி அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். அழுகை முட்டியது. ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தலாமா என்று நினைத்தாள்.

தமிழ்ச்செல்வன் கழுத்தைத் திருப்பி, ஆட்டோ தெருக்கோடி திரும்பும் வரை கேட்டார்.

"யாலு அது?" என்றார். பிறகு தலையாட்டி, "நல்லாத்தான் பேசுது" என்றார்.

அவர் விளையாடுகிறாரா, நிஜமாகவே தெரியவில்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவர் கண்ணில் மட்டும் ஏதோ ஒரு குறும்பு. அவள் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டு, "இன்னாமே?" என்றார்.

மே! இந்த இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. வஸு என்பார், மற்றவர் முன்னால் வஸுமதி என்பார். அந்த ஓரெழுத்து அவள் தோளில் யாரோ கைபோட்ட மாதிரி விழுந்தது. யாராவது பார்த்துவிட்டார்களோ என்று திரும்பிக்கூடப் பார்த்தாள். மறுநாளே ரமணாவை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, புத்தூர் பஸ் ஏறினாள்.

புத்தூரில் இறங்கி, நகரி பஸ் மாறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போனால் அவருடைய ஊர், வேலங்குப்பம். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒற்றைத் தார் ரோடு. தமிழ்ச்செல்வனின் தம்பி சின்னசாமி வாசல் வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் இருந்தவர், அண்ணியைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க அண்ணி. அண்ணன் நல்லா இருக்கிறாருங்களா?"

அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். ஃபோனை எடுத்துப் பதிவை ஓடவிட்டு, கட்டில் மேல் வைத்தாள். "நீங்க சாதாரணமா பேசுங்கோ, போதும்."

சின்னசாமி தொண்டையைச் செருமினார். முதுகை நிமிர்த்தினார். "அனைவருக்கும் வணக்கம். என் பெயர் சின்னசாமி. நாங்கள் கரும்பு பயிரிடுகின்றோம். வாழைப்பழமும் பயிரிடுகின்றோம்" என்றார். வாழைப்பழத்தில் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு 'ழ' இருந்தது. உள்ளேயிருந்து வந்த மருமகளும் ஃபோனைப் பார்த்துவிட்டு, "காபி அருந்துகிறீர்களா?" என்றாள்.

வஸுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஃபோனை எடுத்துப் பைக்குள் போட்டாள். காபி குடித்தாள். மழை வருமா, கரும்பு வெட்டு எப்போது என்று விசாரித்தாள். சின்னசாமியும் அளந்தளந்து பதில் சொன்னார். வெயில் இறங்கி, வேப்ப நிழல் கட்டிலைத் தாண்டி நீண்டது.

அப்போது கழனிப் பக்கம் மணிச்சத்தம் கேட்டது. சின்னசாமி துள்ளி எழுந்தார்.

"ஏமே! ஆடு பூந்துடிச்சி பாரு கயனில! கெயக்கால ஓடியாமே! அந்தக் கெடாவ இஸ்துக்கினு வா! இன்னா பாத்துக்கினு நிக்கற, எல்லாத்தியும் துன்னுட்டுப் போய்டும்!"

"நா இன்னா பண்றது மாமா, கொயந்த அயுவுது!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

வஸுமதி கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். கயனி. கொயந்த. அந்தப் பக்கத்து வீட்டு ஜன்னலிலும், அந்தத் தெருவிலும், தலைக்கு மேல் காற்றிலும் அவள் கணவரின் வாயிலிருந்து வந்த அதே 'ய' பறந்துகொண்டிருந்தது. அது உடைந்துபோன 'ழ' அல்ல. ஒரு ஊரே அதை வைத்துக்கொண்டு மழையைக் கூப்பிட்டது, குழந்தையைத் தூங்கவைத்தது. அவள் நெஞ்சில் இரண்டு மாதமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று மெல்ல இறங்கிப்போனது.

ஆட்டை விரட்டிவிட்டு மூச்சு வாங்க வந்த சின்னசாமியிடம் கேட்டாள். "இங்கே யாராவது 'ர'வுக்குப் பதிலா 'ல' சொல்லுவாளா? ராத்திரியை லாத்திலின்னு?"

"அது யாரும் சொல்லமாட்டாங்களே அண்ணி" என்றார் அவர். அவளுக்குத் திரும்பவும் மனம் கனத்தது. அப்படியானால் அது நோய்தான்.

சின்னசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அண்ணன் அப்பிடியா பேசுது இப்ப?"

"ஆமாம்."

"எங்க அக்கா தான் அண்ணி அப்பிடி பேசும். கன்னியம்மா அக்கா."

வஸுமதிக்குப் புரியவில்லை. கன்னியம்மாவை அவளுக்குத் தெரியும். மூத்த நாத்தனார். இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். எந்த விசேஷத்திலும் ஓரமாக நிற்பாள், கேட்டால் தலையாட்டுவாள், ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுகூடத் தம்பியின் பாதத்தைத் தடவிவிட்டுப் பேசாமல் போனாள். அவளுக்குப் பேச்சே வராதென்றுதான் வஸுமதி இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"பேசும் அண்ணி. உங்க முன்னால பேசாது, வெளி ஆளு யாரு முன்னாலயும் பேசாது. பொறந்ததுலேர்ந்து நாக்கு அப்பிடி, 'ர' வராது. மரம்னு சொல்ல வராம அது சொல்றத கேட்டுட்டுப் பசங்க சிரிச்சிக்கினே பின்னால ஓடுவாங்க. நைனாவும் அம்மாவும் விடியறதுக்கு முன்னால கயனிக்குப் போய்டுவாங்க. அண்ணன இடுப்புல வெச்சிக்கினு வளத்தது அக்காதான். அது பேசறதக் கேட்டுத்தான் அண்ணன் பேசக் கத்துக்கிச்சி. அதே மாதிரி 'ல' போட்டு. இஸ்கூல்ல சேந்தப்பறம் வாத்தியாரு நாக்குல குச்சிய வெச்சி வெச்சித் திருத்துனாரு. அண்ணனும் ஏரிக்கரைல தனியா உக்காந்துக்கினு ர்ர்ருன்னு கத்திக்கினே இருக்கும். அப்பறம் பாத்தா, இந்த ஊருலயே இல்லாத பேச்சு பேச ஆரம்பிச்சிடிச்சி."

கன்னியம்மா வீட்டுக்கு அவர்கள் போனபோது அவள் முறத்தில் வேர்க்கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். வஸுமதியைக் கண்டதும் எழுந்து, பாயைத் தட்டிப் போட்டு, வழக்கம்போலச் சுவரோடு சாய்ந்து நின்றாள். நரைத்த தலை, தம்பியின் அதே அகன்ற நெற்றி.

என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வஸுமதிக்குத் தெரியவில்லை. ஃபோனை எடுத்தாள். ஜன்னலோரத்தில் அவர் பேசியதை என்றோ ஒரு நாள் நீரஜாவுக்காகப் பிடித்து வைத்திருந்தாள். அதை ஓடவிட்டாள்.

"ஏலி லொம்பிகிச்சா?" என்றது ஃபோன். கொஞ்ச நேரம் சித்தூர்த் தெருவின் இரைச்சல். பிறகு, "மய வலுது. உள்ள வா."

கன்னியம்மாவின் கையிலிருந்த முறம் சாய்ந்தது. கடலை பாய்மேல் உருண்டது. அவள் வந்து ஃபோனின் அருகில் உட்கார்ந்தாள். குனிந்து, அதன் மேல் காதை வைத்தாள்.

"இன்னொலு வாட்டி" என்றாள்.

அவள் குரல் இளமையாக இருந்தது. அதிகம் செலவழியாத குரல். வஸுமதி மறுபடியும் ஓடவிட்டாள்.

"என் கொயந்த பேசுது" என்றாள் கன்னியம்மா.

அன்றைக்கே ஒரு துணிப்பையில் இரண்டு புடவையும் கொஞ்சம் வேர்க்கடலையும் எடுத்துக்கொண்டு அவள் வஸுமதியோடு கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. புத்தூர் தாண்டியதும் மலைகளின் மேல் மழை இறங்குவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். சித்தூரை நெருங்கியபோது மாம்பழ வாசனை பஸ்ஸுக்குள் நுழைந்தது. கன்னியம்மா அதை முகர்ந்துவிட்டு வஸுமதியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

தமிழ்ச்செல்வன் ஜன்னலோரத்திலேயே இருந்தார். உள்ளே வந்தவளைப் பார்த்தார். நல்ல கையை நீட்டினார்.

"எங்க போய்ட்டே இம்மா நேலம்?" என்றார், அவள் பக்கத்துத் தெருவுக்குப் போய்வந்த மாதிரி.

"வந்துட்டேன்டா" என்றாள் அவள். தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள். "ஏலி லொம்பிகிச்சிடா. தண்ணி கோடிக்கு மேல ஓடுது."

அதன் பிறகு இரண்டு பேரும் நிறுத்தவில்லை. வஸுமதி ரமணாவை அனுப்பிவிட்டு, பின்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து, நடையில் சுவரோரமாக உட்கார்ந்து கேட்டாள். பாதி அவளுக்குப் புரியவில்லை. ஏதோ ஒரு எருமை, யாருடைய கிணறோ, கிளி பிடிக்கப் போய்ப் பாம்பைப் பிடித்த கதை. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்தார். ர என்ற முரட்டு எழுத்தே அந்த வீட்டைவிட்டு வெளியே போய்விட்டிருந்தது. எல்லாச் சொல்லும் வழுக்கிக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, தண்ணீர் படிக்கட்டில் இறங்குவது மாதிரி இறங்கியது. தமிழ்ச்செல்வன் மூச்சுத் திணறாமல் பேசினார். பயிற்சி அறையில் ஒரு சொல்லுக்கு வியர்த்துப்போகிறவர் இங்கே கையை ஆட்டி ஆட்டிப் பேசினார், சிரித்தார். அந்தச் சிரிப்பைக்கூட அவள் அதுவரை கேட்டதில்லை.

அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. தான் காதலித்த குரலை ஒரு பையன் ஏரிக்கரையில் தனியே உட்கார்ந்து உண்டாக்கியிருக்கிறான். அது பொய்யில்லை. அதையும் அவர்தான் பேசினார், அதில்தான் அவளைப் பெண் கேட்டார். ஆனால் அதற்கடியில் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள், இத்தனை எருமைகளும் கிணறுகளும் இருந்திருக்கின்றன.

அடுத்த வாரம் கன்னியம்மாவும் திருப்பதிக்கு வந்தாள். நீரஜா விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பட அட்டைகளை அடுக்கி ஓரமாக வைத்தாள்.

"'ய'வைத் தொடமாட்டேன் மேடம். 'ல' பழைய ஞாபகமா, நோயா, ரெண்டும் சேர்ந்ததான்னு எனக்குச் சொல்லத் தெரியல. யாராலயும் சொல்ல முடியும்னு தோணல." அவள் தமிழ்ச்செல்வனிடம் திரும்பினாள். "சார், 'ர' வேணுமா உங்களுக்கு? நீங்க சொன்னா முயற்சி பண்ணலாம்."

அவர் அக்காவைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"கத்துக்கலேன்" என்றார். கற்றுக்கொள்கிறேன் என்றாரா, கற்றுக்கொள்ளவில்லை என்றாரா? மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது அவர்தான்.

கற்றுக்கொள்ளத்தான் செய்தார். கார்த்திகை வாக்கில் ஒன்றிரண்டு சொற்களில் 'ர' தலை காட்டியது. ரமணாவிடம் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துப் பேசுவார். ஊருக்கு ஃபோன் போட்டு அக்காவிடம் பேசும்போது தூரப் போட்டுவிடுவார். புடவைக் கடைக்குப் புதிய பதிவு வேண்டுமென்று ரமணா கேட்டதற்குத் தலையசைத்து மறுத்துவிட்டு, அவனையே பேசச் சொன்னார்.

ஆனால் அதெல்லாம் பின்னால். கன்னியம்மா அந்தத் தடவை மழைக்காலம் தொடங்கும் வரை சித்தூரில் இருந்தாள். தம்பியோடு மட்டுமே பேசினாள். வஸுமதி அறைக்குள் வந்தால் பழையபடி பேச்சு நின்றுவிடும். வெளியே போனால் தொடரும். வஸுமதி அதனாலேயே நடையில் உட்காரப் பழகிக்கொண்டாள்.

கன்னியம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நல்ல மழை. மின்சாரம் போய்விட்டது. மதியச் சாப்பாட்டை இருவருக்கும் போட்டுவிட்டு, நடையில் சுவரில் சாய்ந்த வஸுமதி அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். தூக்கத்தினூடே மழைச் சத்தமும் அவர்கள் பேச்சும் ஒன்றாகிக் கேட்டன. எது கூரையில் விழுகிறது, எது வாயிலிருந்து விழுகிறது என்று தெரியவில்லை. அர்த்தம் எல்லாம் கழன்றுபோய் வெறும் ஒலியாக, லாலா யாயா என்று அது அவளைச் சுற்றி ஓடியது.

யாரோ தோளைத் தொட்டார்கள். கண்ணைத் திறந்தாள். கன்னியம்மா குனிந்து நின்றிருந்தாள், கையில் தட்டோடு.

"சோலு ஆலிப்போச்சி" என்றாள் கன்னியம்மா. கொஞ்சம் தயங்கினாள். "நீ இன்னும் துன்னலியேமே?"

வஸுமதி எழுந்து உட்கார்ந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

"இல்லை அக்கா. நீங்களும் உக்காருங்கோ" என்றாள். கன்னியம்மா அவள் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, அந்த எருமைக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.